தனிமனிதனும் கூட்டமும்: 1977ஆம் ஆண்டு ஒஸ்கார் தெரிவுகள் பற்றி ஒரு நோக்கு

விருதுகள் கலையின் தரத்தை நிர்ணயிப்பதில்லை என்பது முற்போக்கு விமர்சகர்களிடையே நீண்டகாலமாக நிலவிவரும் கருத்தாகும். அக்கருத்துச் சரியானதே. ஆயினும், அதனை ஒருமுறை சொல்லிவிட்டு விருதுகளை முற்றாகப் புறக்கணித்துவிடுவது பொருத்தமன்று. ஆதிக்க நிறுவனமொன்று எவற்றைத் தனது சிறந்த படைப்புகளென முன்வைக்கின்றது, எவற்றை அடுத்த வரிசையில் இருத்துகின்றது, எவற்றை வேறொரு பிரிவுக்கு அனுப்பிவிடுகின்றது என்பவற்றை நோக்குமிடத்து, அச்சமூகம் தன்னைப்பற்றி எதனை நம்ப விரும்புகின்றது என்பது புலனாகும். அவ்வகையில் 1977 மார்ச் 28ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெற்ற 49ஆவது ஒஸ்கார் விருது விழா தனியே ஆராயத்தக்கது.

அவ்விழாவில் சிறந்த படத்துக்கான பரிசுக்கு ஐந்து படங்கள் முன்மொழியப்பட்டிருந்தன: அலன் பக்குலா நெறிப்படுத்திய ‘ஓல் த பிறெசிடென்ற்ஸ் மென்’, ஹல் அஷ்பியின் ‘பவுண்ட் ஃபோர் குளோரி’, சிட்னி லூமற்றின் ‘நெற்வேர்க்’, ஜோன் அவில்ட்செனின் ‘றொக்கி’, மார்ட்டின் ஸ்கோர்செசியின் ‘டாக்ஸி ட்றைவர்’ என்பன அவை. பரிசு ‘றொக்கி’க்குக் கிடைத்தது. அதே மேடையில், அதே இரவில், சிறந்த ஆவணப்படத்துக்கான பரிசு பார்பரா கொப்பிளின் ‘ஹார்லன் கவுண்டி யூ.எஸ்.ஏ.’ என்ற படத்துக்கு வழங்கப்பட்டது. முன்னையது ஒரு குத்துச்சண்டைக்காரனின் கதை. பின்னையது கென்ரக்கி மாநிலச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைப் பற்றியது. இவ்விரு பரிசுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தல் வேண்டும் என்பதே எமது கருத்து. தனது நெருக்கடியை மறைக்க முடியாத நிலையில் இருந்த அமெரிக்கச் சமூகம், அந்நெருக்கடியைக் கதையாகச் சொல்லும் பொறுப்பைத் தனிமனிதனிடம் ஒப்படைத்தது. மக்கள் கூடிச் செயற்படுவதைக் காட்டும் பொறுப்பை ஆவணப்படத்திடம் விட்டுவிட்டது.

1

பரிசளித்த கழகத்தின் தோற்றத்தை முதலில் நினைவுகூர்தல் தகும். 1926 நவம்பரில் ஹொலிவூட்டின் பெரிய நிறுவனங்கள் தச்சர், மின்வேலையாளர் முதலியோரின் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் செய்ய நேர்ந்தது. அடுத்த ஆண்டிலேயே, மெற்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தின் தலைவரான லூயி பி. மேயரின் முன்முயற்சியாற் கழகம் உருவானது. நடிகர், எழுத்தாளர், நெறியாளர் ஆகியோரும் தொழிற்சங்க வழியிற் செல்லாது, பிணக்குகளைக் கழகத்துக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளச் செய்யவேண்டும் என்ற எண்ணம் அதன் தோற்றத்தில் முக்கிய இடம்பெற்றது. பரிசளிப்பு 1929இலேயே தொடங்கிற்று. 1933இல் சம்பள வெட்டுப் பிரச்சினை எழுந்தபோது கழகத்தின் போக்கில் நம்பிக்கையிழந்த எழுத்தாளரும் நடிகரும் தத்தம் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். பின்னர் கம்யூனிஸ்ற் வேட்டை நிகழ்ந்த காலத்தில், கட்சி உறுப்பினரும் காங்கிரஸ் விசாரணைக் குழுவுக்குப் பதிலளிக்க மறுத்தோரும் பரிசுக்குத் தகுதியற்றோர் என்று கழகம் விதி வகுத்தது. 1957இல் நடைமுறைக்கு வந்த அவ்விதி 1959 ஜனவரியிற் கைவிடப்பட்டது.

இவ்வரலாற்றின் நிழல் 1977ஆம் ஆண்டு மேடையிலும் விழுந்தது. ஆவணப்படப் பரிசை வழங்க அழைக்கப்பட்டவர் லில்லியன் ஹெல்மன். 1952இல் அவ்விசாரணைக் குழுவின் முன் நண்பர்களின் பெயர்களைக் கூற மறுத்து, அதனால் திரைத்தொழிலில் இடமிழந்த நாடகாசிரியர் அவர். அவையினர் எழுந்துநின்று கரகோஷம் செய்தனர். தான் வெளியேற்றிய ஒருவரைக் கால் நூற்றாண்டின் பின் வரவேற்கும் நிறுவனம் தன்னைத் தானே மன்னித்துக்கொள்கின்றது என்று நாம் கூறலாம். அது முழு உண்மையன்று. எழுந்து நின்றவர்களுள் மனப்பூர்வமாக மகிழ்ந்தோரும் இருந்திருப்பர். முதலாளித்துவக் கலாசார நிறுவனங்களை ஒரே கல்லாற் செய்த கோட்டைகளாகக் கருதுவது எமது பழைய பிழைகளுள் ஒன்று. அவற்றுள்ளும் முரண்பாடுகள் இயங்குகின்றன. அவ்வாண்டுத் தெரிவுப் பட்டியல் அதற்கே சான்று.

2

அப்பட்டியலின் பின்னணி யாவரும் அறிந்ததே. 1974 ஓகஸ்ற் 9ஆம் திகதி நிக்சன் பதவி துறந்தார். 1975 ஏப்ரல் 30ஆம் திகதி சைகோன் வீழ்ந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் வேலையின்மை நூற்றுக்கு 9 என்ற அளவை எட்டியது. நியூயோர்க் நகரசபை வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. அடுத்த ஆண்டு, 1976இல், குடியரசின் 200ஆவது ஆண்டு நிறைவைக் கொண்டாட வேண்டியிருந்தது. ஐந்து படங்களும் இந்தச் சூழலில் உருவானவை. அமெரிக்க வாழ்வில் ஏதோ பழுதாகிவிட்டது என்பதை அவற்றுள் எதுவும் மறுக்கவில்லை. பழுது எங்கே, அதனைத் தீர்ப்பவர் யார் என்ற வினாக்களிலேயே அவை வேறுபடுகின்றன.

‘ஓல் த பிறெசிடென்ற்ஸ் மென்’ இரு பத்திரிகையாளரின் உழைப்பைப் பற்றிய படம். தொலைபேசி, தட்டச்சுப்பொறி, கதவு கதவாகத் தட்டுதல், மறுப்பு, மீண்டும் தட்டுதல் என்று உழைப்பின் சலிப்பையே அது நாடகமாக்குகின்றது. இத்தகைய நேர்மையை நாம் பாராட்டவேண்டும். ஆனால் அது சொல்லும் அரசியல் யாது? அரசு கெட்டது, பத்திரிகை அதனைத் திருத்தியது, அமைப்பு இயங்குகின்றது. கார் நிறுத்துமிடத்தின் இருளில் நின்று துப்புக்கொடுக்கும் அந்த மனிதர், படத்தில் மனச்சாட்சியின் உருவமாகவே தோன்றுகின்றார். அவர் எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் நிலை அதிகாரியாயிருந்த மார்க் ஃபெல்ற் என்பது 2005இல் வெளியாயிற்று. தீவிர இடதுசாரி இளைஞரைத் தேடும்பொருட்டு, அவர்களின் உறவினர், நண்பர் ஆகியோரின் வீடுகளுள் பிடியாணையின்றிப் புகுந்து சோதனையிட அனுமதித்த குற்றத்துக்காக அதே ஃபெல்ற் 1980இல் தண்டிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஜனாதிபதி றேகன் அவருக்கு மன்னிப்பளித்தார். அரசின் ஒரு பிரிவுக்கும் மற்றொரு பிரிவுக்குமிடையே நிகழ்ந்த பிணக்கினை, மக்களாட்சிக்கும் அதன் பகைவனுக்குமிடையே நிகழ்ந்த போராட்டமாகப் படம் காட்டிவிட்டது என்பதை இன்று தெளிவாகக் கூறலாம்.

‘நெற்வேர்க்’ எம்மைப் போன்ற புத்திஜீவிகளின் படம். பார்வையாளர் எண்ணிக்கை குறைந்ததால் வேலையிழக்கும் செய்தியாளர் ஒருவர் ஒளிபரப்பிலேயே கோபாவேசம் கொள்கின்றார். அக்கோபமே விற்பனைப் பண்டமாகின்றது. கெரில்லாக் குழுவினரும் கம்யூனிஸ்ற் கட்சிப் பெண்ணொருவரும் விநியோக உரிமை பற்றி ஒப்பந்த வாசகங்களோடு மல்லுக்கட்டும் காட்சி, எதிர்ப்பையும் சந்தை விழுங்கிவிடும் என்பதைக் கூர்மையாகச் சொல்கின்றது. நாடுகள் என்பன இல்லை, மூலதனமே உண்டு என்று கம்பனித் தலைவர் நிகழ்த்தும் பேருரை, எமது வகுப்புகளில் நாம் கூறுவதை எம்மைவிட நன்றாகவே கூறுகின்றது. அதனாலேயே அப்படத்தை நாம் அளவுக்கு மீறிக் கொண்டாடினோம் எனத் தோன்றுகின்றது.

ஆனால் அப்படத்தில் மக்கள் எங்கே இருக்கின்றனர்? யன்னல்களைத் திறந்து, ஒருவர் சொல்லிக்கொடுத்ததை ஒரே குரலிற் கத்துவோராக மட்டுமே இருக்கின்றனர். உழைப்போர் அங்கு இல்லை; பார்ப்போரே உளர். திரைக்கதாசிரியர் பாடி சாயெவ்ஸ்கியின் கோபம் உண்மையானது. ஆனால் அது மேலே கம்பனியை நோக்கியும் கீழே மக்களை நோக்கியும் ஒருசேரப் பாய்கின்றது. இன்னொன்றையும் இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். பெருங்கம்பனி ஒன்று ஒளிபரப்பு நிறுவனத்தை விழுங்குவதைச் சாடும் இப்படத்தை அமெரிக்காவில் விநியோகித்தது யுனைற்றெட் ஆர்ட்டிஸ்ற்ஸ் நிறுவனம். அது 1967 முதல் ட்றான்ஸ்அமெரிக்கா என்ற காப்புறுதி, நிதிக் கம்பனியின் உடைமையாயிருந்தது. முன்மொழியப்பட்ட ஐந்தனுள் மூன்று படங்கள் அதே நிறுவனத்தின் வழியே வந்தவை. சாடுவதும் சாடப்படுவதும் ஒரே கணக்கேட்டில் இலாபமாகப் பதியப்பட்டன.

அம்மூன்றனுள் மற்றொன்று ‘பவுண்ட் ஃபோர் குளோரி’. புழுதிப் புயலால் வாழ்விழந்த விவசாயிகளோடு ரெக்சாசிலிருந்து கலிபோர்ணியா சென்ற நாட்டார் பாடகர் வூடி கத்ரியின் சுயசரிதையை அது தழுவியது. பொருளை வைத்து நோக்கின் ஐந்தனுள்ளும் எமக்கு மிக நெருங்கிய படம் இதுவே. ஹஸ்கெல் வெக்ஸ்லரின் ஒளிப்பதிவு பரிசு பெற்றது. புழுதியின் நிறத்தையே அது ஒரு காலத்தின் நிறமாக்கிற்று. முகாம்களிற் பழம் பறிப்போர் கூட்டம் கூட்டமாகத் தோன்றுகின்றனர். எனினும் நாற்பது ஆண்டுத் தொலைவு அவர்களை அழகாக்கிவிடுகின்றது. கம்யூனிஸ்ற் பத்திரிகையொன்றிற் பத்தி எழுதிய கத்ரியைவிட, எந்தக் கட்டுக்கும் அடங்காது புகையிரதக் கூரையேறிச் செல்லும் கத்ரியையே படம் விரும்புகின்றது. பாடல் ஒரு இயக்கத்தின் கருவியாயிருந்தமை பின்தள்ளப்பட்டு, ஒரு சுதந்திர மனிதனின் இயல்பு முன்னிறுத்தப்படுகின்றது. நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்ட படம் அது. ஆனால் கடந்தகாலப் போராட்டத்தை மதிப்பது, நிகழ்காலப் போராட்டத்தை நோக்குவதற்கு ஈடாகாது.

3

ஐந்தனுள் எமது தெரிவு யாது என வினவப்படின், ‘டாக்ஸி ட்றைவர்’ என்றே விடையளிப்போம். இவ்விடை சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். அதன் நாயகன் ட்றாவிஸ் பிக்கிள் முற்போக்கானவன் அல்லன். திரைக்கதாசிரியர் போல் ஷ்றேடரும் எம்மவர் அல்லர். ஆயினும், மன்னராட்சியை ஆதரித்த பல்சாக்கின் நாவல்களிற் பிரெஞ்சுச் சமூகத்தின் உண்மை வரலாற்றை ஏங்கெல்ஸ் கண்டமை போல, ஆசிரியனின் சார்பை மீறி யதார்த்தம் வெற்றிபெறுவதுண்டு.

போரிலிருந்து திரும்பியவன், உறக்கமற்றவன், இரவு முழுவதும் பிறரை ஏற்றியிறக்கியும் எவரோடும் உறவற்றவன். அவனது தனிமை தத்துவவாதிகள் கூறும் மானிட நிலை அன்று. அது ஒரு தொழிலின் நிலை, ஒரு நகரத்தின் நிலை. காரணம் அறியாத அவனது வெறுப்பு கறுப்பினத்தவர்மீதும் தெருப்பெண்கள்மீதும் படிகின்றது. ஜனாதிபதி வேட்பாளரைக் கொல்லச் சென்றவன், அது கைகூடாதபோது ஒரு சிறுமியை வைத்துத் தொழில் நடத்துவோரைக் கொல்கின்றான். பத்திரிகைகள் அவனை வீரனாக்குகின்றன. துப்பாக்கி திரும்பிய திசை மட்டுமே மாறியது; மனிதன் மாறவில்லை. பாசிசத்தின் மூலப்பொருள் எவ்வாறு உருவாகின்றது, அதற்குச் சமூகம் எவ்வாறு பதக்கம் சூட்டுகின்றது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன அமெரிக்கப் படம் அத்தசாப்தத்தில் வேறில்லை என்பது எமது துணிபு. அது நான்கு பிரிவுகளில் முன்மொழியப்பட்டு ஒன்றிலேனும் பரிசு பெறவில்லை. ஸ்கோர்செசியின் பெயர் நெறியாளர் பட்டியலில் இடம்பெறவே இல்லை.

அதன் குறையையும் மறைக்கலாகாது. சிறுமியை வைத்துத் தொழில் நடத்துபவன் திரைக்கதையில் முதலிற் கறுப்பினத்தவனாக எழுதப்பட்டுப் பின்னர் வெள்ளையினத்தவனாக மாற்றப்பட்டான். பார்வையாளரின் இனவெறியைத் தூண்டிவிடுமோ என்ற அச்சம் அம்மாற்றத்தின் பின்னால் இருந்தது. அச்சம் நியாயமானதே. ஆனால் நாயகனின் கண்வழியே மட்டும் உலகைக் காட்டும் படம், அக்கண்ணுக்கு வெளியே நிற்கும் கறுப்பின மனிதருக்கு ஒரு சொல்லேனும் வழங்கவில்லை.

4

இனி ‘றொக்கி’. ஏறத்தாழப் பத்து லட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படம், அமெரிக்காவில் மட்டும் 11 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. ஃபிலடெல்ஃபியாவின் வறிய பகுதியில் வட்டிக்காரனொருவனின் கடன் வசூலிப்பவனாகக் காலங்கழிக்கும் குத்துச்சண்டைக்காரன் ஒருவனுக்கு, கறுப்பின உலக வீரன் அப்பலோ கிறீட்டுடன் மோதும் வாய்ப்பு கிடைக்கின்றது. 200ஆவது ஆண்டுக் கொண்டாட்டத்துக்கு ஏற்ற விளம்பரமாக அவ்வாய்ப்பு அளிக்கப்படுகின்றது. அவன் வெல்லவில்லை, ஆனால் பதினைந்து சுற்றும் நின்றுபிடிக்கின்றான்.

இதன் கருத்துநிலையை விளக்குவது கடினமன்று. வேலையின்மை மிகுந்த நாட்டில், மனவுறுதியுடையவன் நிமிர்ந்து நிற்பான் என்று படம் கூறுகின்றது. வெள்ளையினத் தொழிலாளியின் எதிரே நிறுத்தப்படுபவர் முதலாளி அல்லர். ஜோர்ஜ் வாஷிங்ரனின் வேடத்தில் வந்து இறங்கும் கறுப்பினச் செல்வந்தர். ஃபிலடெல்ஃபியாவில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலைசெய்து, தொங்கும் இறைச்சியைக் குத்திப் பயிற்சிபெற்ற மெய்யான உலக வீரர் ஒருவர் இருந்தார். அவர் கறுப்பினத்தவரான ஜோ ஃபிறேசியர். அவரது வாழ்க்கையின் அக்கூறு றொக்கிக்கு வழங்கப்பட்டது. ஃபிறேசியரோ படத்திற் சில கணங்கள் மேடையேறிக் கைகுலுக்கிச் செல்கின்றார். றொக்கி என்ற கற்பனை மனிதனுக்கு 1980களிலேயே அந்நகரிற் சிலை இருந்தது. ஃபிறேசியருக்கு 2015இலேயே, அவர் இறந்து நான்கு ஆண்டுகளின் பின், சிலை எழுந்தது. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 1985இல் வெளியான நான்காவது ‘றொக்கி’ படத்தில் நாயகன் சோவியத் வீரனொருவனை வீழ்த்தி அரசின் தூதுவனாகவே மாறியமை, முதற்படத்தில் விதைக்கப்பட்டதன் விளைவு எனலாம்.

எமது விமர்சனம் வழக்கமாக இவ்விடத்தில் முடிந்துவிடும். அவ்வாறு முடிப்பது போதாது. ஐந்து படங்களுள் தொழிலாளியின் அறையை, அவனது குளிர்சாதனப் பெட்டியை, கிழிந்த மெத்தையை உள்ளிருந்து காட்டிய நிகழ்காலக் கதை இது ஒன்றே. தொடக்கத்திற் சண்டையிட்டு வென்றவனுக்குரிய சிறு தொகையிலிருந்து அறைச்செலவு, துவாய்ச்செலவு, வரி எல்லாம் கழித்து ஏறத்தாழ 40 டொலர் கொடுக்கப்படும் காட்சி, கூலியுழைப்பைப் பற்றிய சுருக்கமான பாடம். வாழ்நாள் முழுவதும் பயனற்றவன் எனச் சொல்லப்பட்ட ஒருவன், தான் பயனற்றவன் அல்லன் என்பதைத் தனக்குத்தானே நிரூபிக்க விரும்புவது பொய்யான விருப்பமன்று. பார்வையாளர் அதற்காகவே அழுதனர். அக்கண்ணீரை ஏளனஞ்செய்யும் விமர்சகன், ‘நெற்வேர்க்’ மக்களைப் பார்த்த பார்வையையே தனதாக்கிக்கொள்கின்றான். தேவை உண்மையானது, வழங்கப்பட்ட தீர்வே பொய்யானது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே விமர்சகனின் பணி.

5

அத்தேவைக்கு வேறொரு விடையும் இருந்தது என்பதை ‘ஹார்லன் கவுண்டி’ காட்டுகின்றது. 1973இல் புறூக்சைட் சுரங்கத் தொழிலாளர் ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்திற் சேர வாக்களித்தனர். டியூக் பவர் கம்பனிக்கு உரிமையான சுரங்க நிறுவனம் ஒப்பந்தத்திற் கையொப்பமிட மறுத்தது. வேலைநிறுத்தம் பதின்மூன்று மாதங்கள் நீடித்தது. மறியலில் நிற்போரின் எண்ணிக்கையை நீதிமன்றம் மட்டுப்படுத்தியபோது, அவர்களின் மனைவியரும் தாய்மாரும் வைகறையில் வீதிக்கு இறங்கினர். படக்குழுவினரும் தாக்கப்பட்டனர். 1974 ஓகஸ்ற் மாதத்தில் ஓர் இளந்தொழிலாளி சுட்டுக்கொல்லப்பட்ட பின்னரே ஒப்பந்தம் கைச்சாத்தானது. படம் அவ்வெற்றியோடு நின்றுவிடவில்லை. அதே ஆண்டின் இறுதியில் ஏற்பட்ட தேசிய ஒப்பந்தத்திற்குப் பின்னும் தொழிலாளரிடையே எஞ்சிநின்ற மனக்கசப்பையும் அது பதிவுசெய்கின்றது.

இப்பெண்கள் கூட்டத்திற் கூச்சலிடுகின்றனர், தம்முள் சண்டையிடுகின்றனர், ஒருவரையொருவர் சந்தேகிக்கின்றனர், மறுநாள் மீண்டும் ஒன்றாக வருகின்றனர். பாத்திரவார்ப்பு, முரண், வளர்ச்சி என நாடகத்துக்கு வேண்டிய யாவும் அங்குண்டு. ஆயினும் இத்தகைய கூட்டுவாழ்வு அவ்வாண்டு முன்மொழியப்பட்ட கதைகளுள் எதிலும் நிகழ்காலத்தில் இடம்பெறவில்லை. அது ஆவணம் என்ற பிரிவுக்குரியதாயிற்று. குறைந்த தொகையினர் காணும் பிரிவு அது. கதை என்பது நிகழக்கூடியதை எண்ணிப் பார்ப்பது. ஆவணம் என்பது எங்கோ நிகழ்ந்துவிட்டதைப் பதிவது. மக்கள் கூடிச் செயற்படுவதை இரண்டாவதில் மட்டும் வைக்கும்போது, அது விதிவிலக்கான ஒரு செய்தியாகச் சுருங்கிவிடுகின்றது. வாக்களித்தோர் திட்டமிட்டு இவ்வாறு செய்தனர் என்று நாம் கூறவரவில்லை. திட்டமின்றியே இவ்வாறு நிகழ்வதுதான் கருத்துநிலையின் வலிமை.

இதற்கு எதிரான சான்றுகளையும் நோக்கவேண்டும். சுரங்கத் தொழிலாளர் குடும்பமொன்றின் கதையான ‘ஹவ் கிறீன் வொஸ் மை வலி’ 1942இலேயே சிறந்த படமெனப் பரிசு பெற்றது. ஆனால் அது இழந்த குடும்பத்தை எண்ணி ஏங்கும் நினைவு. நெசவாலைத் தொழிலாளர் சங்கம் அமைப்பதைச் சொன்ன, மார்ட்டின் றிற்றின் ‘நோர்மா றே’ 1980இல் முன்மொழியப்பட்டது. பரிசு மணமுறிவைப் பற்றிய படமொன்றுக்குச் சென்றது. ‘நோர்மா றே’யின் நாயகிக்கு நடிப்புப் பரிசு கிடைத்தது. கூட்டத்தைச் சொன்ன படத்திலும் தனிமனிதரே பரிசுக்குரியவரானார். 2020இல், வர்க்கப் பிளவை ஒரு வீட்டின் மாடிக்கும் நிலவறைக்குமிடையே வைத்துக் காட்டிய கொரியப் படமான ‘பரசைற்’ சிறந்த படமாயிற்று. கீழ்நிலைக் குடும்பங்கள் இரண்டு அதில் ஒன்றையொன்று அழிக்கின்றன, இணைவதில்லை. அதே இரவில், ஒஹையோ மாநிலத் தொழிற்சாலையொன்றிற் சங்கம் அமைக்கும் முயற்சி தோல்வியுற்றதைப் பதிவுசெய்த ‘அமெரிக்கன் ஃபக்ரறி’ ஆவணப்படப் பரிசைப் பெற்றது. அதன் நெறியாளர்களுள் ஒருவரான ஜூலியா றைக்கேர்ட் மேடையில் நின்று உலகத் தொழிலாளர் ஒன்றுபடுதல் பற்றிப் பேசினார். அவையினர் கரகோஷம் செய்தனர். நாற்பத்துமூன்று ஆண்டுகளின் பின்னும் பிரிவினை மாறவில்லை.

இதிலிருந்து எமது விமர்சனம் பெறவேண்டிய படிப்பினை ஒன்றுண்டு. தொழிலாளர் பாத்திரம் உண்டா, எதிர்ப்புக் குரல் உண்டா என்று மட்டும் தேடும் விமர்சனம் ‘நெற்வேர்க்’கிடம் ஏமாறும், நாயகனின் வெற்றி தோல்வியை மட்டும் நோக்கும் விமர்சனம் ‘றொக்கி’யிடம் ஏமாறும். ஒரு படைப்பில் மனிதர் எவரோடு சேர்ந்து செயற்பட இயலும் என்று காட்டப்படுகின்றது என்பதே கேட்கவேண்டிய வினா. அவ்வினாவைக் கேட்டபடி அருங்காட்சியகத்தின் படிகளில் தனியே ஓடியேறும் றொக்கியை ஒருமுறை மீண்டும் பார்க்கவேண்டும். பின்னர் புறூக்சைட் வீதியில் இருள் விலகுமுன் தடிகளோடு வந்து நிற்கும் பெண்களையும் பார்க்கவேண்டும். இரு படங்களும் ஒரே நாட்டின், ஒரே ஆண்டின் படங்கள்.